கல்லின் எழுத்தும் படத்தின் எழுத்தும்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, எங்கள் வீட்டிலிருந்து போன பொருள்களுள் ஒரு சிறிய றங்குப்பெட்டியும் ஒன்று. காணி உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அதனுள் இருந்தன. அவற்றிற்கு அடியில், பழைய வேட்டித் துண்டொன்றிற் சுற்றிய ஒரு கட்டுப் படங்களும் இருந்தன என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே கண்டோம். நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் உள்ளவர் யாரென்று கூற வீட்டில் எவருமில்லை.

அவற்றுள் ஒன்று தடித்த அட்டையில் ஒட்டிய பெரிய படம். கோட்டும் தொப்பியும் அணிந்த மூன்று வாலிபர். இருவர் நிற்க, ஒருவர் கதிரையில் இருக்கிறார். அட்டையின் பின்புறத்திற் பென்சிலால் எழுதிய ஒரு வரி: ‘அபபு. சோபகிருது ஆடி’. அவ்வளவே. எங்கள் பெறாமகன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, “அபபு என்று ஒரு பெயர் உண்டா, சித்தப்பா?” என்று கேட்டான். அவன் கேட்டதிற் பிழையில்லை. எழுதியவர் புள்ளி இடவில்லை. அவன் உள்ளதை உள்ளபடி படித்தான். அது ‘அப்பு’ என்பது எமக்கு விளங்கிற்று. ஆனால் யாருடைய அப்பு? சோபகிருது என்னும் ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவது. 1903இலும் வந்தது, 1963இலும் வந்தது. எந்தச் சோபகிருது?

இத்தகைய வினாக்களுக்கு விடைகாண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சாசன ஆராய்ச்சியாளர். அவர்கள் கல்லிற் கையாண்ட வழியையே நாமும் படத்திற் கையாள வேண்டியதாயிற்று. ஆகவே அந்த வழி எவ்வாறு பிறந்தது என்பதைக் கூறிய பின்னரே அட்டைப் படத்திற்கு மீள்வேன்.

டில்லியிலும் அலகபாத்திலும் நின்ற பழங் கற்றூண்களின் எழுத்துப் பன்னூறு ஆண்டுகளாக எவராலும் படிக்கப்படாதிருந்தது. 14ஆம் நூற்றாண்டிற் பிரோஸ் ஷா துக்ளக் என்னும் சுல்தான் அவற்றுள் இரண்டைத் தூரத்திலிருந்து டில்லிக்குக் கொணர்வித்தபோது, அக்காலத்து அறிஞரை அழைத்துக் கேட்டும் பயனில்லாது போயிற்று. அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தவர் கல்கத்தா நாணயசாலையிற் பொன் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் உத்தியோகத்திலிருந்த ஜேம்ஸ் பிரின்செப். திறந்த ஆண்டு 1837.

அவருக்குத் திறவுகோல் கொடுத்தது தூண்களிலுள்ள நீண்ட அரச கட்டளைகள் அல்ல. சாஞ்சி என்னும் ஊரிற் பௌத்த தூபியைச் சூழ்ந்த கல்வேலியில் இருந்த சின்னஞ்சிறு வரிகள். ஒவ்வொரு வரியும் தனித்தனி. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிந்தன. இதைக் கண்ட பிரின்செப் சிந்தித்தார். கோயிலுக்கு வருவோர் ஒரு தூணையோ ஒரு பலகையையோ கொடுத்துத் தம் பெயரைப் பொறிப்பது வழக்கமன்றோ? அவ்வாறாயின் இறுதிச் சொல் ‘தானம்’ என்பதாக இருக்கலாம். அதற்கு முன் அடிக்கடி வரும் எழுத்து, ‘இன்னாருடைய’ என்னும் வேற்றுமை உருபாக இருக்கலாம். ஊகம் சரியாயிற்று. இரண்டொரு எழுத்துக்கள் தெரிந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன. நமது கோயில்களில் மணியிலும் குத்துவிளக்கிலும், இக்காலத்திற் குழல்விளக்கின் முகப்பிலுங்கூட, ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் நகைப்பதுண்டு. நம் மொழியும் எழுத்தும் மறைந்து, ஈராயிரம் ஆண்டுகளின் பின் ஒருவர் வந்து தமிழைப் படிக்க முயல்வாராயின், அவர் முதலிற் கண்டுபிடிக்கும் சொல் அந்த ‘உபயம்’ ஆகவே இருத்தல் கூடும். சாஞ்சியிற் கொடுத்தவருட் பெண்கள் பலர் என்பதும், அவர்கள் தத்தம் பெயரையே பொறித்தார்கள் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன.

எழுத்துத் தெரிந்தது. ஆயினும் ஆள் தெரியவில்லை. தூண்களிற் பேசிய அரசன் தன்னைத் ‘தேவானம்பிய பியதசி’ என்று கூறிக்கொண்டான். தேவர்க்கு இனியவன் என்பது முதற் சொல்லின் பொருள். இந்திய அரசர் வரிசையில் அப்படி ஒரு பெயரைப் பிரின்செப் காணவில்லை. இலங்கையிலோ தேவானம்பிய தீசன் என்னும் மன்னன் இருந்தான் என்பது மகாவம்சத்தால் தெரிந்திருந்தது. ஆதலின் தூண்களை நாட்டியவன் இலங்கை வேந்தனே என்று முதலில் எழுதினார். பிழை! பட்டத்தைப் பெயரென்று கொண்டதால் வந்த பிழை. அதைத் திருத்தும் சான்று அதே ஆண்டில் இலங்கையிலிருந்தே சென்றது. இந்நாட்டிற் பிறந்து இங்கே அரசாங்க சேவையில் இருந்தவரும், பாளி கற்று மகாவம்சத்தை மொழிபெயர்த்தவருமான ஜோர்ஜ் டேர்னர், தீபவம்ச ஏட்டிற் பியதசி என்பது சந்திரகுப்தனின் பேரனாகிய அசோகனைக் குறிப்பதைக் கண்டு அறிவித்தார். கல்லிலேயே அசோகன் என்னும் பெயர் காணப்பெற்றது, அதற்கு எழுபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1915இல் மஸ்கி என்னுமிடத்திற் கிடைத்த சாசனத்தில்.

அலகபாத் தூண் மற்றொரு பாடமும் புகட்டுகின்றது. அதன்மேல் அசோகனுடைய எழுத்து உண்டு. அறுநூறு ஆண்டுகளின் பின் வந்த சமுத்திரகுப்தனுடைய புகழுரை உண்டு. ஜகாங்கீர் சக்கரவர்த்தியின் பாரசீக எழுத்தும் உண்டு. ஜகாங்கீரின் எழுத்தை மட்டும் படித்தவன் தூண் 17ஆம் நூற்றாண்டினது என்பான். எழுத்தின் காலம் வேறு, எழுதப்பட்ட பொருளின் காலம் வேறு. அட்டைப் படத்தில் நாங்கள் வழுக்கி விழுந்த இடமும் இதுவே.

இலங்கையிலும் அதே பிராமி எழுத்துக் குகைகளின் விளிம்பிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்களாகக் கிடைத்துள்ளது. பெரும்பாலானவை சாஞ்சியினவற்றைப் போலச் சிறியவை; இன்னார் சங்கத்துக்குக் கொடுத்த குகை என்ற அளவில் நின்றுவிடுபவை. சில, வலமிருந்து இடமாகத் திருப்பி வெட்டப்பட்டவை. அநுராதபுரத்தில் அபயகிரிக்கு அண்மையில் உள்ள பாறையொன்றில் ‘தமெட’ எனக் குறிக்கப்பட்ட தமிழர் கூடியிருந்த மண்டபத்தின் சாசனம் உண்டு. அங்கே யார் யார் எவ்விடத்தில் அமர்வர் என்பதற்கு ஆசனந்தோறும் பெயர் பொறித்திருக்கின்றது. அவர்களுள் ஒருவன் மரக்கலத் தலைவன். 1940இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டவர் பரணவிதான. இருக்கைக்கு இட்ட அடையாளம், இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் ஒரு சமுதாயத்தின் சாட்சியாயிற்று.

தமிழ்நாட்டு மலைக்குகைகளின் வரலாறு இன்னும் சுவையானது. மதுரைக்கு அண்மையில் உள்ள மாங்குளத்துச் சாசனங்களை 1882இல் றொபேட் சீவெல் கண்டார். எழுத்துப் பிராமி; ஆகவே மொழியும் பிராகிருதமாகவே இருக்கவேண்டும் என்று பலர் எண்ணிப் படித்துப் பொருள் காணாது இடர்ப்பட்டனர். 1924இற் கே. வி. சுப்பிரமணிய ஐயரே, அவ்வெழுத்துக்களுள் வடநாட்டுப் பிராமியில் இல்லாத ழகர, ளகர, றகர, னகர வடிவங்கள் இருப்பதை எடுத்துக்காட்டி, அது தமிழே என்று நிறுவினார். பின்னும் ஒரு முடிச்சு எஞ்சியிருந்தது. முற்காலத்தார் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டாரல்லர். அகரமேறிய மெய்யையும் தனி மெய்யையும் ஆகார உயிர்மெய்யையும் அவர்கள் எவ்வாறு வேறுபடுத்தினர் என்பது தெரியாமையால், சொற்கள் நீண்டும் குறுகியும் உருமாறின. 1960களில் ஐராவதம் மகாதேவன் அம்முறையை வகுத்துக் காட்டியதும், மாங்குளத்துக் கல்லிற் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் துலங்கிற்று. சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயர் கல்லிலும் எழுந்து நின்றது. புள்ளியில்லாத ‘அபபு’வைக் கண்டு திகைத்த எங்கள் பெறாமகன் நல்ல கூட்டத்திலேதான் சேர்ந்தான்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனத்தை நம் வாலிபர்கள் கட்டாயம் சென்று பார்த்தல் வேண்டும். பிற நாட்டார் கப்பல் கவிழுமாயின், யானை குதிரை கொணர்ந்த கப்பலில் நாலிலொரு பங்கும், வாணிகப் பண்டம் கொணர்ந்ததிற் பாதியும் அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்பது அதன் விதி. ஊர்காவற்றுறை அதில் ‘ஊராத்துறை’ எனப்படுகின்றது. அதை இட்ட வேந்தன் பராக்கிரமபாகு. அப்பெயருடைய மன்னர் பலர் இருந்தமையால் பெயர் மட்டும் போதவில்லை. எழுத்தமைதி முதலியவற்றை நோக்கியே, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்று கொண்டனர். காலிக் கல்லிலோ இத்தொல்லை இல்லை. சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த அம்மும்மொழிக் கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய தேதியே இருக்கின்றது. சீன மொழியிற் புத்தரையும், தமிழில் தேவந்துறையில் எழுந்தருளிய நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றிக் காணிக்கை கூறும் அச்சிலை, 1911இற் காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாக முகங்குப்புறக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. மதகின் மூடியாகக் கிடந்த கல் தப்பிற்று. கோயிற்சுவரிற் பத்திரமாக இருக்கும் கல், கும்பாபிஷேகந்தோறும் பூசும் வர்ணத்தில் மூழ்கி எழுத்திழப்பதை நான் கண்டிருக்கிறேன். எந்தக் கோயில் என்று சொல்லி யார் மனத்தையும் நோகச் செய்யேன்.

இனிப் படத்துக்கு வருவோம். கல்லெழுத்துக்கும் நிழற்படத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்க்கு ஒரு மனிதரைக் காட்டலாம். பிரின்செப் இறந்தது 1840இல். நிழற்படக் கலை உலகுக்கு வெளிப்பட்டது 1839இல். அக்கலையைத் தாளிற் பதிக்கும் வழியைக் கண்ட ஆங்கிலேயர் வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பொட். அவரே சாசனப் பித்தரும் ஆவார். 1857இல் அசீரிய நாட்டு ஆப்பெழுத்துச் சாசனம் ஒன்றை நால்வர் ஒருவரையொருவர் கலவாது மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்ப, இலண்டன் றோயல் ஆசியச் சங்கம் ஒப்புநோக்கிற்று. நால்வரின் மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் ஒத்திருந்தமையால் அவ்வெழுத்துப் படிக்கப்பட்டது என்று உலகம் ஏற்றது. அந்நால்வருள் டல்பொட்டும் ஒருவர்.

இலங்கையிற் பழம்பதிகளின் படங்களை அரசாங்கம் முறையாக எடுப்பித்தது 1870, 1871ஆம் ஆண்டுகளில். அநுராதபுரம், மிகிந்தலை, பொலனறுவை, சிகிரியா ஆகிய இடங்களுக்குச் சென்று எடுத்தவர் ஜோசப் லோட்டன். அக்காலத்துப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டவை. படம்பிடிப்போர் தகட்டின்மேல் மையால் இலக்கமோ இடப்பெயரோ எழுதுவர். அது தாளில் வெள்ளை எழுத்தாக விழும். தகட்டைச் சுரண்டி எழுதினாற் கறுப்பாக விழும். மருந்து பூசிய பக்கத்தில் எழுதும்போது கண்ணாடியிற் காண்பதுபோல எழுத்தைத் திருப்பி எழுதவேண்டும். முத்திரை வெட்டும் தட்டானும் இதைத்தான் செய்கிறான். பழம்படம் சேகரிப்போர் முதலில் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் தேடுவது இந்த வெள்ளை எழுத்தையே. ஒரே கையால் எழுதிய ஒரே வரிசை இலக்கங்கள் ஒரே நிலையத்தைக் காட்டும். ஆயினும் இங்கும் அலகபாத் தூணை மறக்கலாகாது. நிலையங்கள் கைமாறும்போது தகடுகளும் கைமாறின. ஸ்கோவென் என்னும் கண்டி, கொழும்புப் படக்காரரின் தகடுகள் பின்னர் கொழும்பு அப்போதிக்கரீஸ் கம்பனியிடம் சென்றன. கம்பனியின் பெயரைக் கண்டு, கம்பனியின் ஆளே எடுத்தான் என்று கூறுதல் தவறாகும். தபால் அட்டைப் படங்களில் மற்றொரு வழி உண்டு. விலாசத்துக்கு ஒரு பாதி, செய்திக்கு ஒரு பாதி என்று பின்புறத்தைக் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளப் பிரித்தானியா 1902இலேயே அனுமதி அளித்தது. ஆகவே கோடிட்ட பிரித்தானிய அட்டை 1902க்கு முந்தியதாக இராது. அதன்மேல் விழுந்த தபால் முத்திரையோ அது எந்நாளுக்குப் பிந்தியதன்று என்பதைக் கூறும். அட்டை அச்சான நாளை அவ்விரண்டுக்கும் நடுவிற் தேடிக்கொள்ள வேண்டும்.

படத்தில் எழுத்து இருந்தும் ஆள் தெரியாத நிலை ஒன்றுண்டு. அதை நினைக்கும்போது எனக்குச் சினம் வரும். உலகப் புகழ்பெற்ற படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டவர். தம் படங்களின் அட்டையிலே தம் கையால் மையெழுத்திட்டு, உயிரோவியம் எனவும் பதிவுசெய்யப்பட்டது எனவும் குறித்து ஒப்பமிடுவார். அந்தக் கையெழுத்துள்ள படத்தின் விலை இன்று வேறு. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர், விஞ்ஞானியர் படங்களிற் பெயர் உண்டு. களுத்துறையிலும் தோட்டங்களிலும் அவர் எடுத்த நம்மவர் படங்களிலோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற அளவில் நின்றுவிடுகின்றது. பிற்காலத்துத் தபால் அட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலிகள்’ என்று அச்சிட்டதும் இவ்வகையே. எடுத்தவர் பெயர் உண்டு. எடுத்த ஊர் உண்டு. நேரே நம்மை நோக்கும் அந்த முகத்துக்கு மட்டும் பெயரில்லை. அநுராதபுரத்துப் பாறையில் அமர்ந்த மரக்கலத் தலைவன் பெயர் தெரிகின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் படத்தில் நின்றவள் பெயர் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் படத்தின் கதையை முடிக்கிறேன்.

முதலிற் கையெழுத்து. ஆகாரத்தின் வாலை வரிக்குக் கீழே இழுத்து மீண்டும் மேலே சுழிப்பதும், மெய்க்குப் புள்ளி இடாமையும் அந்த வரியின் இயல்புகள். றங்குப்பெட்டியிலேயே எங்கள் ஆச்சியின் சீட்டுக் கணக்குக் கொப்பி ஒன்று கிடந்தது. அதே சுழிப்பு, அங்கும் புள்ளியில்லை. ஆச்சி தம் பாட்டனாரிடம் ஏட்டெழுத்துக் கற்றவர். ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு பொத்துவிடும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கொப்பிக்கு வந்த பின்னும் அவர் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. எழுதியவர் ஆச்சி எனின், அப்பு என்றது ஆச்சியின் தகப்பனார். உறவுமுறைச் சொல்லும் தேவானம்பிய என்பது போன்றதே. சொல்பவர் யாரென்று தெரிந்தாலன்றி ஆள் தெரியாது.

ஆண்டு? அப்பு 1931இற் காலமானவர். படத்தில் உள்ளவரோ வாலிபர். ஆகவே 1903 என்று தீர்மானித்துச் சட்டமிடக் கொடுக்கவும் ஆயத்தமானோம். ஆனால் ஆச்சி பிறந்ததே 1910இல். பிறக்குமுன் எப்படி எழுதினார்? கேட்டறிந்து பின்னால் எழுதினார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் கட்டை மீண்டும் புரட்டியபோது, கதிரையில் ஒரு சிறுவன் நிற்கும் சிறு படம் அகப்பட்டது. தாளின் பின்புறத்திற் கோடாக் கம்பனியின் ‘வெலொக்ஸ்’ என்னும் அச்சு. அதன்மேல் அதே பென்சில்: ‘தமபி. சோபகிருது ஆடி’. அந்தத் தம்பி 1959இற் பிறந்த என் மைத்துனன். இன்னும் தேடினோம். ஒன்பது படங்களின் பின்னால் அதே சோபகிருது ஆடி. படம் எடுத்த நாளை அவர் எழுதவில்லை. 1963ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஏதோ ஒரு நாள், தாம் எழுதிய நாளைத்தான் எழுதினார். அவ்வாண்டில் அவர் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது என்று என் தாயார் சொன்னார். அடுத்த ஆண்டுத் தை மாதத்துக்குப் பின் சீட்டுக் கொப்பியில் அவர் எழுத்தில்லை. வேறு கை எழுதியிருக்கின்றது.

படம் எடுத்த காலத்தைப் பின்னர் படத்தினுள்ளேயே கண்டோம். அட்டையின் அடியிற் தைப்பிங் நகரத்துப் படநிலையம் ஒன்றின் பெயர் அழுத்தி அச்சிட்டிருக்கின்றது. மூவருள் ஒருவரின் தொப்பிச் சின்னத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் எவ். எம். எஸ். ஆர். என்னும் நான்கு எழுத்துக்கள். மலாய்க் கூட்டுநாட்டு இருப்புப்பாதைகள் அப்பெயரில் ஒன்றானது 1901இல். அப்பு ஊர் திரும்பி மணமுடித்தபோது எழுதிய சீதன உறுதி, அதே றங்குப்பெட்டியில் இருப்பது, 1908ஆம் ஆண்டினது. அவ்விரண்டுக்கும் நடுவில் எடுத்த படம். சட்டத்தின் கீழ் அவ்வாறே எழுதியிருக்கிறோம்.

ஆச்சி எழுதிய ஒன்பதும் பிறர் படங்கள். கட்டில் இன்னொரு படம் உண்டு. வாழை மரத்தருகே பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு புத்தகத்துடன் நிற்கிறாள். பின்புறம் வெறுமையாக இருக்கின்றது. அது ஆச்சிதான் என்று என் தாயார் சொல்கிறார். ஆச்சியின் தங்கை என்று பெரியம்மா சொல்கிறார்.